புதுக் கணினியும் வீட்டு ரவுட்டரும்

வன்னிப் பெருநிலப்பரப்பில் தொலைபேசிக் கம்பி என்பது நெடுங்காலம் பிறர் வீடுகளுக்கு உரிய வஸ்துவாகவே இருந்து வந்தது. 1990 ஆம் ஆண்டு யுத்தம் மறுபடியும் மூண்டு கண்டி வீதி மூடப்பட்டபின், மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில், சாதாரண பற்றரிகளுங்கூடத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்த காரணத்தால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலே பிறக்கும் சொற்ப மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட தலைமுறையொன்று இன்றும் அங்கே வாழ்கின்றது. 2002 இல் பாதை திறந்து, 2006 இல் மீண்டும் மூடி, 2009 இல் யுத்தம் முடிந்து, மீள்குடியேற்றமும் நிகழ்ந்த பின்னர், அத்தலைமுறையினரின் வீடுகளுக்குள் முதலிற் புகுந்தது கம்பித் தொலைபேசியன்று; சிறிய அன்டெனாவை நீட்டிக்கொண்டு மேசைமீது வீற்றிருந்த சீ.டி.எம்.ஏ. போன். அதன்பின் கைத்தொலைபேசி வந்தது. 2013 அளவில் இலங்கையில் 4ஜி சேவை வணிகரீதியாக ஆரம்பித்து, கோபுரம் கோபுரமாக நாட்டின் பிற பாகங்களுக்குப் பரவியபோது, சிம் அட்டை செருகிய ரவுட்டர் என்னும் பெட்டியும் வந்து சேர்ந்தது.

வவுனியா நகரிலும் கண்டி வீதியை அண்டிய பட்டினங்களிலும் கம்பிவழியும் ஒளியிழைவழியும் இணைப்புப் பெற்ற வீடுகள் உண்டு. ஆயினும் துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, விசுவமடு போன்ற இடங்களில் உட்பாதைக் குடியிருப்பொன்றில் ரவுட்டர் இருக்குமாயின், அது சிம் போட்ட ரவுட்டராக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். இதிலே கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று இருக்கின்றது. ரவுட்டரைப்பற்றி எழுதப்பட்ட கைந்நூல்களிற் பெரும்பாலானவை, சுவரிலிருந்து ஒரு கம்பி வந்து பெட்டியில் நுழைவதாகவும், பெட்டியிலிருந்து கணினி வரைக்கும் மாத்திரமே காற்று என்பதாகவும் பாவித்துக்கொண்டு எழுதப்பட்டவை. வன்னி வீட்டிலோ இரண்டு பக்கமும் காற்றே. கோபுரத்திலிருந்து பெட்டிக்கு ஒரு வான்வழி. பெட்டியிலிருந்து கணினிக்கு இன்னொரு வான்வழி. இரண்டும் வெவ்வேறு அலைகள், வெவ்வேறு விதிகள், வெவ்வேறு நோய்கள். புதுக் கணினியொன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்து, இணையம் வரவில்லையென்று மனஞ் சலிப்பவர்கள், இவ்விரண்டையும் ஒன்றாகப் பாவித்துக் குழம்புவதனாலேயே பாதி நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இரணைமடுத் தண்ணீர் தன் வயலுக்கு வந்து சேரவில்லையாயின், அநுபவமுள்ள கமக்காரன் வரம்பிலே நின்று மண்ணைக் கிளறிக் கொண்டிருப்பதில்லை. வாய்க்கால் வழியே மேல்நோக்கி நடந்து, துருசு திறக்கப்பட்டிருக்கின்றதா, தண்ணீர் எவ்விடம் வரைக்கும் வந்து நிற்கின்றது என்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே மண்வெட்டியை எடுக்கிறான். இந்த விவகாரத்திலும் முதற் காரியம் அதுவே.

வழக்கமாக எழும் முறைப்பாடு, "அண்ணை, வைஃபை பிடிக்குது, ஆனா நெட் வருதில்லை" என்பது. இந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் பாதி நிதானம் அடங்கியிருக்கின்றது. வைஃபை பிடிக்கின்றது என்றால் உட்பக்க வழி சரி. நெட் வரவில்லை என்றால் வெளிப்பக்க வழியிலே கோளாறு என்று ஊகிக்கலாம். ஊகத்தை உறுதிப்படுத்த, வீட்டிலுள்ள கைத்தொலைபேசியொன்றை அதே வைஃபையில் இணைத்து, ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னர் அத்தொலைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட வேண்டும் என்பதை மறத்தலாகாது. இல்லாவிடின், ரவுட்டர் ஊமையாயிருக்கும் வேளையிலும் தொலைபேசி தன் சிம் வழியாகச் சந்தடியின்றி வேலையைச் செய்து முடித்து, பார்ப்பவரை ஏமாற்றிவிடும். இந்தச் சிறு ஏமாற்றத்தினால், பழுதற்ற கணினிகள் எத்தனையோ கடைக்குத் திரும்பிச் சென்றிருக்கும்.

தொலைபேசியில் வேலை செய்து, புதுக் கணினியில் மாத்திரம் வேலை செய்யாதிருப்பின், குற்றம் பெரும்பாலும் கணினியின் பக்கத்திலேயே இருக்கும். மடிக்கணினிகள் யாவும் வைஃபை உறுப்போடு பிறந்தவை. கடையிற் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டப்படும் மேசைக் கணினிகளோ அவ்வாறல்ல. அவற்றிற் பலவற்றில் அவ்வுறுப்பு இருப்பதேயில்லை. திரையின் கீழ்மூலையில் வைஃபைக் குறியே தென்படவில்லையாயின், விரல்நுனியளவு பருமனுள்ள யூ.எஸ்.பி. வைஃபை டொங்கிள் ஒன்றை வாங்கிச் செருகினால் முடிகின்ற காரியம் அது. உறுப்பு இருந்தும் குறி தென்படாமற் போவதும் உண்டு. கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் பதிந்தபோது, அவ்வுறுப்பை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள் விடுபட்டிருக்கும். அதை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்குவதற்கோ இணையம் இல்லை. கிணற்றில் இறங்கக் கயிறு வேண்டும், கயிறோ கிணற்றுக்குள் இருக்கின்றது என்பது போன்ற இச்சங்கடத்துக்கு எளிய பரிகாரம், கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரினாற் கணினியோடு பிணைத்து, தொலைபேசியில் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதைத் திறந்து, அதன் டேட்டாவைச் சற்று நேரம் கடன்வாங்குவது. அல்லது ரவுட்டரின் பின்புறத் துவாரத்திலிருந்து நேரே ஒரு லான் வயரைக் கணினிக்கு இழுப்பது. விண்டோஸ் 11 தன்னை முதன்முதலாக அமைத்துக்கொள்ளும் வேளையிலேயே இணையத்தைக் கேட்டு அடம்பிடிப்பதால், இந்த உபாயம் தெரியாதவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

குறி தென்பட்டும் ஒரு பெயரும் பட்டியலில் வராதிருப்பின், விமானப் பயண முறை திறந்திருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் பொறித்த விசையொன்று இருக்கக்கூடும். பிள்ளைகளின் விரல்பட்டு அது அமுங்கினால், நல்ல கணினியும் செவிடாகிவிடும்.

கடவுச்சொல்லைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரவுட்டரின் அடியிலே ஒட்டிய காகிதத்தில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளில், பூச்சியம் எது, ஆங்கில ஓ எது, ஒன்று எது, எல் எது என்று மயங்குவதே வழமையான தவறு. விசைப்பலகை தமிழில் இருக்கின்றதோ என்பதையும், பெரிய எழுத்து விசை அமுங்கியிருக்கின்றதோ என்பதையும் பார்த்துக்கொண்டு, தட்டியவற்றைத் திரையிற் காட்டும் கண் படத்தை அழுத்தினால் அநேகமாக மயக்கம் தீரும். கடவுச்சொல் சரியாயிருந்தும் இணைய மறுக்குமாயின், பெட்டி மிகப் பழையதோ என்று யோசிக்கலாம். 2004 இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்னும் பூட்டும், 2018 இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 என்பதுமே இக்காலக் கணினிகளுக்கு உவப்பானவை. அவற்றுக்கு முந்திய பலவீனமான பூட்டுகளைக் கண்டால், புதுக் கணினி எச்சரிக்கும், அல்லது முகந்திருப்பிக்கொள்ளும்.

இனி அலையின் சங்கதி. வைஃபை இரண்டு பிரதான அலைவரிசைகளிற் பேசுகின்றது: 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ். முன்னதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். பின்னதன் அலைநீளம் 6 சென்ரிமீற்றர். நீண்ட அலை சுவரைக் கடந்து முற்றம் வரைக்கும் செல்லும். குறுகிய அலை விரைவாகத் தரவைச் சுமக்கும், ஆனால் இரண்டு சுவர்களைக் கண்டால் களைத்துப்போகும். ஆகவே ஒரே வீட்டில் ஒரே ரவுட்டரின் இரண்டு பெயர்கள் தென்பட்டால், பெட்டிக்கு அண்மையிலிருக்கும் கணினியை 5 இலும், தூரத்து அறையிலிருக்கும் கணினியை 2.4 இலும் இணைப்பதே உசிதம். 2.4 இலே 13 ஆம் சனலில் ரவுட்டர் பேசிக்கொண்டிருப்பின், அமெரிக்க விதிக்கு அமைவாகச் செய்யப்பட்ட சில கணினிகள் அதைக் காணவே மாட்டா. ரவுட்டரின் சொந்த இணையப் பக்கத்துக்குள் (அதைத் திறக்கும் வழி பின்னர் வரும்) சென்று 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாற்றினால் மறைந்திருந்த பெயர் திடீரெனப் பிரசன்னமாகும். இவ்வகைக் குறுகிய அலைகள் சுவரை ஊடுருவும் என்பதை நம் உபகண்டம் வெகு காலத்துக்கு முன்னரே கண்டிருக்கின்றது. 1895 இல் கல்கத்தா நகரமண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், சுவர்களுக்கு அப்பாலுள்ள அறையிலே மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைத் தீப்பற்றச் செய்தும் காட்டினார். அவர் கையாண்ட அலைகளின் நீளம் மில்லிமீற்றர்க் கணக்கில் இருந்தது.

வன்னியின் வீடுகளோ ஒரே ரகமானவை அல்ல. 2012 இல் வடக்கு, கிழக்கில் விரிவாக ஆரம்பித்த இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ், வீடொன்றுக்கு 5,50,000 ரூபா உதவியோடு உரியவர்களே கட்டிக்கொண்ட வீடுகள் பலவற்றின் சீமெந்துக் கற்சுவர்கள், வைஃபை அலைக்குத் தகரத்தின் அளவுக்கு இடையூறு செய்வன அல்ல. தகரமே எதிரி. மீள்குடியேற்றக் காலத்தில் அடித்த தகரச் சுவர் இன்னும் சமையலறையாகவோ கடைப்பக்கமாகவோ நிலைத்திருக்கும் வீட்டில், அலையானது உலோகத்தில் மோதித் திரும்பி, பல திசைகளிலிருந்தும் முன்னும் பின்னுமாக வந்து, தன்னைத் தானே குழப்பிக்கொள்கின்றது. எதிரொலிகளினால் நேரும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கணித உபாயத்தை, 1990களின் ஆரம்பத்தில் அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் ஜோன் ஓ'சல்லிவனும் அவருடைய சகாக்களும் வகுத்தார்கள். ஓ'சல்லிவனோ அதற்கு முன்னர், வெடிக்கும் கருந்துளைகளின் வானொலித் துடிப்பைத் தேடி ஏமாந்த வானியல் ஆராய்ச்சியாளர். அவ்வுபாயம் எவ்வளவுதான் சிறந்ததாயினும், பெட்டியை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைப்பவருக்கு அது கைகொடாது.

எல்லாம் சரியாயிருந்தும், பக்கங்கள் மாத்திரம் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சொல்லித் திறக்க மறுக்குமாயின், கணினியின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இணையத்தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை நிரூபிக்கும் சான்றிதழொன்றை வைத்திருக்கின்றது. அதற்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியினுள்ளே கிடக்கும் நாணயம் போன்ற பற்றரி தீர்ந்து, கடிகாரம் பல வருஷங்கள் பின்னுக்குப் போயிருந்தால், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது போலியென்று கருதித் தள்ளிவிடும். தேதியைத் திருத்தி, நேரவலயத்தை 5.30 என்பதாக வைத்தால், ஒரு நொடியில் எல்லாம் திறக்கும். வன்னி மக்களுக்கு நேரவலயம் என்பது புதிய சங்கதியன்று. 1996 மே மாதத்தில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்பிரலிற் பழைய நேரத்துக்கே திரும்பியது. இவ்வளவு காலமும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. ஓமந்தைக்கு அப்பால் ஒரு நேரம், இப்பால் ஒரு நேரம். கணினியோ அரை மணி வித்தியாசத்தை அநேகமாகப் பொருட்படுத்தாது. ஆண்டும் மாதமும் பிசகினாற்றான் கோபிக்கும்.

வெளிப்பக்க வழிக்குச் செல்லுமுன் இன்னும் ஒரு பரிசோதனை. கணினியின் வலையமைப்பு விபரங்களில் அதற்கு வழங்கப்பட்ட ஐபி முகவரி எழுதியிருக்கும். அது 192.168 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் கணினியை ஏற்று இலக்கம் கொடுத்துவிட்டது என்பது பொருள். 169.254 என்று ஆரம்பித்தாலோ, கேட்டுக் கேட்டுப் பதில் வராமையினால், கணினி தனக்குத்தானே ஓர் இலக்கத்தைச் சூட்டிக்கொண்டது. அப்போது இரண்டையும் நிறுத்தி, முதலில் ரவுட்டரையும் பின்னர் கணினியையும் இயக்கிப் பார்க்க வேண்டும். சிறிய ரவுட்டர்கள் சில குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கருவிகளை ஏற்பதில்லையாதலால், பயன்படாத பழைய தொலைபேசிகளை விலக்குவதும் உதவும்.

தொலைபேசியும் கணினியும் ஒருங்கே முடங்கினால், பெட்டியின் விளக்குகளைப் படிக்க வேண்டும். ஒளியிழை இணைப்புள்ள வீட்டில் லொஸ் என்று குறித்த விளக்கு சிவப்பாக மினுங்கினால், இழை எங்கோ அறுந்தோ மடிந்தோ இருக்கின்றது. வீட்டார் செய்யத்தக்கது எதுவுமில்லை. சிம் போட்ட பெட்டியிலோ அலைவலுவைக் காட்டும் கோடுகளே பிரதானம். கோடுகளைவிடத் துல்லியமான அளவு வேண்டுமாயின், கணினியில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று பெட்டியின் அடியில் எழுதப்பட்டிருக்கும் முகவரியைத் தட்டி, ரவுட்டரின் சொந்தப் பக்கத்தைத் திறந்து, ஆர்.எஸ்.ஆர்.பி. என்ற இடத்தைப் பார்க்கலாம். அங்கே இலக்கம் எப்போதும் மறைக்குறியோடு இருக்கும்; -85 நல்லது, -110 மிக மெலிந்தது. பெட்டியைக் கையிலெடுத்து யன்னலுக்கு யன்னல் கொண்டுபோய், ஒவ்வோரிடத்திலும் ஒரு நிமிடம் வைத்து இவ்விலக்கத்தைக் குறித்துக்கொண்டால், வீட்டின் எந்த மூலை கோபுரத்தைப் பார்க்கின்றது என்பது புலனாகும். பரந்தன் வயல்வெளியோரத்து வீடுகளுக்கு இந்தப் பிரயாசை வேண்டியதில்லை. தடுக்க எதுவுமின்றி அலை நேரே வந்து சேரும். காடு சூழ்ந்த ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில், பாலையும் வீரையும் அடர்ந்து நின்று அலையை விழுங்குகின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் இலைகள் நனைந்த பின்னர், சித்திரையிற் கிடைத்த வலு கிடைப்பதில்லை.

இங்கேதான் இரண்டு வான்வழிகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. கோபுரத்துக்கு உகந்த யன்னல் வீட்டின் ஒரு கோடியிலும், பிள்ளை படிக்கும் மேசை மறுகோடியிலும் அமைந்துவிடுவது சகஜம். பலர் பெட்டியை மேசைக்கு அருகில் வைத்துக்கொண்டு, வைஃபைக் கோடுகள் நிறைந்திருப்பதைக் கண்டு திருப்தியடைந்து, இணையம் ஊர்வதற்குக் காரணம் தெரியாமல் வருந்துகிறார்கள். ரவுட்டரைக் கோபுரத்துக்கே விட்டுவிட்டு, உட்பக்கத் தூரத்தை ஒரு நீண்ட லான் வயரினாற் கடப்பதே நல்லது. 100 மீற்றர் வரைக்கும் அவ்வயர் வேகம் குன்றாமற் செல்லும். மேசைக் கணினிக்கு வைஃபை உறுப்பு வேண்டியதுமில்லை.

மின்சாரம் நின்றால் நிகழ்வதையும் குறிப்பிட வேண்டும். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு நீண்ட காலத்திலே, ரவுட்டருக்கு மாத்திரம் போதுமான 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். உபயோகம் என்பதைப் பலர் கண்டுகொண்டார்கள். அதை வாங்கியும் இணையம் நிற்கின்றதென்றால், கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்துவிட்டது என்று அறிந்து, பெட்டியைக் குறைகூறாதிருத்தல் நலம்.

புதுக் கணினிக்கே உரிய இன்னொரு தொல்லை, அதன் பெருந்தீனி. முதன்முறை இணையத்தைக் கண்டதும், விண்டோஸ் பல கிகாபைட் அளவில் அப்டேட்டுகளை ஒருவரிடமும் கேளாமல் இறக்கத் தொடங்கும். மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கப்படும் பக்கேஜில், பகற்பங்கு ஒரே நாளிற் கரைந்து, வேகம் கடைசி மட்டத்துக்கு இறங்கியதும், "புதுக் கணினி வந்த நாள் முதல் ரவுட்டர் பழுது" என்னும் அபவாதம் பிறக்கின்றது. வைஃபைப் பெயரின் அமைப்புகளுக்குள் மீட்டர்ட் இணைப்பு என்றிருக்கும் இடத்தைத் திறந்து வைத்தால், கணினி தன் பசியை அடக்கிக்கொள்ளும். பக்கேஜில் இரவுக்கென்று தனிப் பங்கு இருக்குமாயின், உறங்கச் செல்லுமுன் அந்த மீட்டர்ட் அமைப்பை மூடிவிட்டு, பெருந்தீனியை நள்ளிரவுக்குப் பின்னர் நடத்தவிடலாம்.

இவ்வளவிலும் நான் அறவே விரும்பாத வைத்தியம் ஒன்று உண்டு. அது ரவுட்டரின் பின்னாலுள்ள ஊசித் துவாரத்தைக் குத்துவது. மின்சாரத்தை நிறுத்தி அரை நிமிடம் பொறுத்து மீண்டும் கொடுப்பது வேறு. ஊசியாற் பத்துச் செக்கன் அழுத்துவது வேறு. முன்னது பெட்டியை உறக்கத்திலிருந்து எழுப்புவது. பின்னது அதன் ஞாபகம் முழுவதையும் அழிப்பது. வைஃபைப் பெயர், கடவுச்சொல், கம்பி இணைப்பாயின் நிறுவனம் கொடுத்த பயனர்பெயர் உட்பட யாவும் போய்விடும். வீட்டிலுள்ள தொலைபேசி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டிய சிரமமும் வந்து சேரும். கடைகளிலும் தொலைபேசி மறுமுனையிலும் இதையே முதல் மருந்தாகச் சிபாரிசு செய்பவர்கள், கேட்பவரின் நேரத்தைவிடத் தங்கள் நேரத்தையே பெரிதென்று மதிப்பவர்கள்.

ஐப்பசியில் இடிமுழக்கம் கேட்ட மாத்திரத்தில் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுவதோடு, கம்பி இணைப்புள்ளவர்கள் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் மின்கம்பியாலும் வரும், தொலைபேசிக் கம்பியாலும் வரும். மழை ஓய்ந்தபின் பெட்டி உயிர்பெறாவிடின், முதலிற் பரிசோதிக்க வேண்டியது அடப்டரை. அதிலே எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் அளவுகளுக்குப் பொருந்திய வேறோர் அடப்டரைக் கொண்டு பார்த்தால், எரிந்தது பெட்டியா அடப்டரா என்பது தெரிந்துவிடும்.

இறுதியில் நிறுவனத்தை அழைத்தே தீரவேண்டுமாயின், அழைப்பதற்கு முன்னர் ஒரு தாளில் ரவுட்டரின் மொடல் இலக்கம், சிம்மின் இலக்கம், எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகின்றது, ஆர்.எஸ்.ஆர்.பி. எவ்வளவு, ஒரு கருவியில் மாத்திரமா எல்லாவற்றிலுமா கோளாறு, எத்தனை மணி முதல் என்பவற்றை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரே மூச்சிற் சொல்பவரிடம், மறுமுனையிலிருப்பவர் ஊசித் துவாரத்தைப்பற்றிப் பேசுவது அரிது. கோபுரத்தில் வேலை நடக்கின்றதா, பக்கேஜ் தீர்ந்துவிட்டதா என்று உடனே பார்த்துச் சொல்வார்.